டிஸ்க் செத்தாலும் போட்டோ சாகாது!

ஊரிலிருந்து தம்பி அனுப்பிய அம்மாவின் போட்டோ ஒன்று உங்கள் செல்போனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாதர் ஸ்டேஷன் நெரிசலில் போன் பறிபோய்விட்டது. வயிற்றெரிச்சலோடு புதுப் போன் ஒன்று வாங்கி, பழைய பெயரையும் ரகசியச் சொல்லையும் கொடுத்ததும் அம்மா மறுபடியும் திரையில் வந்து நிற்கிறார். போன் போயிற்று, படம் போகவில்லை. அப்படியானால் அந்தப் படம் இத்தனை நாளும் எங்கே இருந்தது?

மேகத்தில் இருந்தது என்கிறார்கள். ‘கிளவுட்’ என்று அதற்குப் பெயரும் சூட்டிவிட்டார்கள். மேகமாவது, வானமாவது! பூமியின்மேல், சிமெண்டுக் கட்டடத்துக்குள், ஓர் இரும்பு அலமாரியில், செங்கல்லைவிடச் சிறிய பெட்டிக்குள் சுழலும் தட்டில்தான் அது இருந்தது. அந்தப் பெட்டிக்கு ஹார்டு டிஸ்க் என்று பெயர். அதற்கு ஆயுள் கெட்டியில்லை. உங்கள் போன் தொலைந்ததற்கும் நீங்கள் புதுப் போன் வாங்கியதற்கும் நடுவில், அம்மாவின் படம் இருந்த டிஸ்க்கே செத்து, கழற்றி எறியப்பட்டு, அந்த இடத்தில் வேறு டிஸ்க் வந்து உட்கார்ந்திருக்கலாம். நமக்குத் தெரியாது. நமக்குத் தெரியாமலே இது நடந்து முடிய வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் ஏற்பாடு.

தாணேயிலிருந்து பேலாப்பூர் போகும் சாலையில் ஐரோலி, ரபாலே, மகாபே பக்கம் போய்வருகிறவர்கள், ஜன்னல் இல்லாத பிரம்மாண்டமான கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். பாக்டரிகள் நிறைந்த பேட்டை அது. இப்போது டேட்டா சென்டர்கள் அங்கே வரிசையாக எழும்பியிருக்கின்றன. இந்தியாவிலேயே மும்பை வட்டாரத்தில்தான் இவை அதிகம். கடலுக்கடியில் வெளிநாடுகளிலிருந்து வரும் கேபிள்கள் மும்பையில் கரையேறுவது ஒரு காரணம். உங்கள் அம்மாவின் படம் அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. சிங்கப்பூரிலும் இருக்கலாம், அமெரிக்காவிலும் இருக்கலாம். எங்கே இருந்தாலும் அது பிழைத்திருக்கும் விதம் ஒன்றுதான். அந்தக் கட்டடங்களில் ஏ.சி. பார்ப்பவராகவோ, மின்சாரம் பார்ப்பவராகவோ, இரவு ஷிப்டில் சர்வர் பார்ப்பவராகவோ நம் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் காலம் இது. ஆகவே உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது.

விரார் பாஸ்ட் தோற்றுப்போகும்

ஹார்டு டிஸ்க் இன்று நேற்றுப் பிறந்ததல்ல. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் டிஸ்க் இயந்திரத்தில் 2 அடி விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. எடை கிட்டத்தட்ட ஒரு டன். அத்தனை பெரிய பூதத்துக்குள் அடங்கியது 50 லட்சம் எழுத்துக்கள் மட்டுமே. இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவுக்கே அது சரியாகப் போய்விடும். இப்போதைய டிஸ்க்கை ஒரு கையில் தூக்கிவிடலாம். அதில் 20 டெராபைட், அதாவது 20 லட்சம் கோடி எழுத்துக்கள் அடங்குகின்றன.

உள்ளே இருக்கும் தட்டுகள் நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகின்றன. தட்டின் விளிம்பைக் கணக்குப் பார்த்தால் மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகம் வருகிறது. விரார் பாஸ்ட் லோக்கல் தோற்றுப்போகும்! அந்தத் தட்டைத் தொடாமல், அதற்குமேல் சில நானோமீட்டர் உயரத்தில், எழுதிப் படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். இடைவெளி எத்தனை நுட்பமானது என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். ஒரு துளி தூசி, ஒரு சின்ன அதிர்ச்சி, தேய்ந்துபோன ஒரு பேரிங், கருகிய ஒரு மின்துண்டு — ஏதேனும் ஒன்று போதும், டிஸ்க்கின் கதை முடிந்துவிடும். இராப்பகலாக, ஞாயிறு விடுமுறை கூட இல்லாமல் வருஷக்கணக்காகச் சுழல்கிற பொருள் என்றைக்காவது நின்றுபோவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

114 வருஷ ஆயுளா?

டிஸ்க் தயாரிப்பவர்கள் தங்கள் விளம்பரத் தாளில் ‘சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம்’ என்று போடுவது வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 114 வருஷம் வருகிறது. டிஸ்க் என்ற பொருள் பிறந்தே அத்தனை வருஷம் ஆகவில்லையே! உண்மையில் அது ஒரு டிஸ்க்கின் வயதைப் பற்றிய பேச்சல்ல. நிறைய டிஸ்க்குகளைக் கொஞ்ச காலம் ஓடவிட்டு, எத்தனை நின்றன என்று பார்த்துப் பெருக்கிச் சொல்லும் கணக்கு அது. அதன்படி பார்த்தால் வருஷத்துக்கு 100-க்கு ஒன்றுகூடச் சாகக் கூடாது.

அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் என்ற இருவரும் 2007-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்த சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் குறிப்புகளைச் சேகரித்தார்கள். வருஷத்துக்கு 100-க்கு 2 முதல் 4 வரை மாற்ற வேண்டியிருந்தது என்பது அவர்கள் கண்டது. சில இடங்களில் 13 வரை போயிற்று. அதே வருஷத்தில் கூகிள் கம்பெனியின் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்கள் டிஸ்க்குகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைத்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை சாகும்வரை முக்கியமான எச்சரிக்கை எதையும் காட்டவில்லையாம். மாரடைப்பு மாதிரிதான், காலையில் நன்றாகத்தான் இருந்தார் என்பார்களே, அது போல. எச்சரிக்கை காட்டியவற்றைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு: தட்டைத் தடவிப் பார்க்கும் சோதனையில் முதல் பழுது தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு!

அதற்குப் பிறகு டிஸ்க்குகளின் தரம் கூடியிருக்கிறது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2013 முதல் தன்னிடம் செத்த டிஸ்க்குகளின் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் வெளியிட்டு வருகிறது. 2024-ல் அங்கே 100-க்கு ஒன்றரைக்குச் சற்று மேல். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஜெனீவாவில் அணு ஆராய்ச்சி நடத்தும் செர்ன் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தன்னிடமுள்ள டிஸ்க் இடம் 10 லட்சம் டெராபைட்டைத் தாண்டிவிட்டதாக அது 2023-ல் அறிவித்தது. 1,11,000 சாதனங்கள், பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்குகள். 100-க்கு ஒன்றரை என்று வைத்தாலே வருஷத்துக்கு 1,665, நாளொன்றுக்கு நாலைந்து. தீபாவளியன்றும் உண்டு, கிறிஸ்துமஸ் அன்றும் உண்டு.

குமாஸ்தாவின் கார்பன் காகிதம்

இப்படிச் சாகும் பொருளை நம்பி எப்படித் தகவலை ஒப்படைக்கிறார்கள்? டைப்ரைட்டர் காலத்து ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கடிதம் அடித்தால் மூலம் ஒருவருக்கு, கார்பன் பிரதி பைலுக்கு, இன்னொன்று தலைமை ஆபீஸுக்கு. ஒரு பைல் கரையானுக்கு இரையானாலும் மற்ற இடத்தில் கிடைக்கும். இதே யோசனைதான்.

கூகிள் 2003-ல் தன் சேமிப்பு முறையை விவரித்து வெளியிட்ட கட்டுரையில், சாமான் பழுதாவது அபூர்வமல்ல, அன்றாட நடப்பு என்றே எடுத்துக்கொண்டு திட்டமிட்டதாகக் கூறியிருந்தது. பெரிய பைல்களை 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று வெவ்வேறு சர்வர்களில் வைத்தார்கள். விலை உயர்ந்த, சாகவே சாகாத இயந்திரத்தைத் தேடி அலையாமல், சாதாரணச் சாமானை ஆயிரக்கணக்கில் வாங்கிப் போட்டு, செத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்ற துணிச்சல் அது.

இதே வழியில் பிறந்த இன்னொரு முறை ‘செஃப்’. கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த சேஜ் வீல் என்பவர் உருவாக்கியது. 2006-ல் வெளியுலகுக்குத் தெரிந்தது. எட்டுக்கால் கணவாய் இனத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து வெட்டி எடுத்த பெயர். பல கைகள் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன அல்லவா? யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து ஓட்டலாம் என்று அதைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். செர்ன் நிறுவனமும் 2013 முதல் ஒரு பகுதி வேலைக்கு இதைப் பயன்படுத்துகிறது. இனிச் சொல்லப்போவது பெரும்பாலும் செஃப் முறையை ஒட்டியது. மற்றவற்றிலும் விவரங்கள் மாறுமே தவிர நடைமுறை ஏறத்தாழ இதுதான்.

மூன்று பிரதி என்றதும் மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்தால் என்ன பிரயோஜனம்? அலமாரிக்கு மின்சாரம் போனால் மூன்றும் போகும். ஆகவே மூன்றையும் மூன்று சர்வரில், வசதியிருந்தால் மூன்று ராக்கில், தனித்தனியாகப் போடச் சொல்லிவைக்கலாம். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று ஒரு பேரேட்டில் குறித்துவைப்பதுமில்லை. படத்தின் பெயரைக் கொடுத்தால், ஒரு கணக்குப் போட்டு, இந்தந்த மூன்று டிஸ்க்குகள் என்று விடை வந்துவிடும். மும்பையின் டப்பாவாலாக்களைப் பாருங்கள். டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் குறியைப் பார்த்தே எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று சொல்லிவிடுகிறார்கள். கையில் ரிஜிஸ்தர் கிடையாது. கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்.

மூன்று பிரதிக்கு மூன்று மடங்கு டிஸ்க் வாங்க வேண்டும் என்று செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. பேக்பிளேஸ் ஒரு பைலை 17 துண்டாக்கி, கணக்கின் மூலம் உண்டாக்கிய 3 துணைத் துண்டுகளையும் சேர்த்து, 20 பெட்டிகளில் பிரித்துப் போடுகிறது. இருபதில் எந்த மூன்று போனாலும் மீதி பதினேழைக் கொண்டு முழுப் பைலையும் மீட்டுவிடலாம்.

20 விநாடி, 10 நிமிஷம்

ஒரு டிஸ்க் செத்தது என்று யார் கண்டுபிடிப்பது? பக்கத்து டிஸ்க்குகள்தாம். ஒவ்வொரு டிஸ்க்கையும் கவனித்துக்கொள்ளும் மென்பொருள், ஆறு விநாடிக்கு ஒரு முறை ‘இருக்கிறாயா?’ என்று சகாக்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். 20 விநாடி பதில் இல்லையென்றால் கண்காணிப்பாளரிடம் புகார் போய்விடும். அந்த டிஸ்க் ‘விழுந்தது’ என்று குறிக்கப்படும். அந்த நிமிஷத்திலிருந்து படம் கேட்டு வருகிறவர்களுக்கு மற்ற இரண்டு பிரதிகளிலிருந்து கொடுப்பார்கள். நமக்கு வித்தியாசமே தெரியாது.

விழுந்ததும் உடனே புதுப் பிரதி எடுக்கத் தொடங்குவதில்லை. 10 நிமிஷம் காத்திருக்கிறது. யாரேனும் சர்வரை அணைத்து ஏற்றியிருக்கலாம். கேபிள் ஒன்று லூசாகியிருக்கலாம். அதற்கெல்லாம் பல டெராபைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஊரே நெரிசலாகிவிடும். பத்து நிமிஷம் கழிந்தும் எழவில்லை என்றால்தான் ‘வெளியே’ என்று கணக்கிலிருந்து தள்ளி, குறைந்துபோன மூன்றாவது பிரதியை மற்ற டிஸ்க்குகளில் உண்டாக்கும் வேலை ஆரம்பமாகிறது. ஒரு ராக் முழுவதும் ஒரே சமயத்தில் மூச்சடைத்துப் போனால், அது டிஸ்க்கின் நோயல்ல, மின்சாரத்தின் நோய் என்று ஊகித்து, மனிதன் வந்து பார்க்கட்டும் என்று சும்மா இருந்துவிடும். இந்த நிதானத்தை யார் எழுதிவைத்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பழைய முறையில் ஒரு பெட்டிக்குள் ஏழெட்டு டிஸ்க்குகளைக் கட்டிவைத்து, ஒன்று செத்தால் மாற்று டிஸ்க் ஒன்றில் முழுவதையும் எழுதுவார்கள். 20 டெராபைட்டை விநாடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் 22 மணி நேரம் ஆகும். அந்த 22 மணி நேரமும் நெஞ்சு படபடக்கும். அதற்குள் இன்னொன்று செத்தால்? பரவிக்கிடக்கும் கிளஸ்டரில் அப்படியல்ல. 500 டிஸ்க்குகள் இருந்தால் ஆளுக்கு 40 கிகாபைட் சுமந்தால் போதும். வேகமாகச் செய்தால் கால் மணி நேரத்து வேலை. வாடிக்கையாளர்களுக்கு இடைஞ்சல் வராமல் மெதுவாகச் செய்வதால் சில மணி நேரம் பிடிக்கிறது. கல்யாண வீட்டில் நூறு பேர் கூடிப் பந்திப் பாத்திரம் கழுவுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பிரதி எடுத்து வைக்க வெற்று இடம் வேண்டும். கிளஸ்டரில் ஒரு டிஸ்க் 85 சதவிகிதம் நிரம்பியதும் எச்சரிக்கை வரும். 90-ல் அந்த டிஸ்க்குக்குப் பிரதி அனுப்புவதை நிறுத்திவிடும். 95 எட்டிவிட்டால் எழுதுவதே நின்றுவிடும். செலவு மிச்சம் என்று மேலதிகாரிகள் 90 வரை நிரப்பிவிட்டு, பிறகு நள்ளிரவில் இரண்டு டிஸ்க் சேர்ந்தாற்போல் சாகும்போது கீழே இருப்பவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்வது நியாயமா?

இரவு ஷிப்டில் ஒரு ஸ்லாட்

மேலே சொன்ன அத்தனையும் இயந்திரம் தானாகச் செய்தது. இனிமேல்தான் மனிதனின் கை வேண்டும். செத்த டிஸ்க்கைக் கழற்றிப் புதியதைப் போட எந்த மென்பொருளாலும் ஆகாது.

வேலைச் சீட்டு ஒன்று வரும். இந்த ராக், இந்த சர்வர், இந்த ஸ்லாட், இந்த சீரியல் நம்பர் உள்ள டிஸ்க் என்று அதில் இருக்கும். போனோம், கழற்றினோம், மாட்டினோம் என்றால் ஐந்து நிமிஷ வேலைதான். ஆனால் விபத்துக்கள் நடப்பது இந்த ஐந்து நிமிஷத்தில்தான். செத்த டிஸ்க்கை விட்டுவிட்டுப் பக்கத்தில் உயிரோடு இருக்கும் டிஸ்க்கை உருவிவிடுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. காரணம் அற்பமானது. மென்பொருள் ஸ்லாட்டுகளை பூஜ்யத்திலிருந்து எண்ணும். பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டு ஒன்றிலிருந்து எண்ணும். ‘ஏழாவது ஸ்லாட்’ என்றால் எந்த ஏழு?

அதனால்தான் விளக்கை மினுக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. கட்டளை கொடுத்தால் அந்த டிஸ்க்கின் விளக்கு விட்டுவிட்டு எரியும். அடியோடு செத்த டிஸ்க்கின் விளக்கு சில பெட்டிகளில் எரியாது. அப்போது அனுபவசாலிகள் அக்கம்பக்கத்து விளக்குகளை எல்லாம் எரியவிட்டு, நடுவில் இருட்டாக இருப்பது எது என்று பார்க்கிறார்கள். உருவிய பிறகும் சீட்டில் உள்ள சீரியல் நம்பரையும் டிஸ்க்கின்மேல் அச்சடித்திருக்கும் நம்பரையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிட வேண்டும். வேறாக இருந்தால் பதற வேண்டாம். உடனே அதே இடத்தில் திரும்பச் செருகிவிட வேண்டும். மேலே சொன்ன பத்து நிமிஷ அவகாசம் இங்கேயும் கைகொடுக்கும். விட்டுப்போனதை மட்டும் எழுதிக்கொண்டு அது மறுபடி வரிசையில் நின்றுவிடும். மறைத்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் ஆபத்து.

கழற்றுமுன் இயந்திரத்தைக் கேட்கவும் ஒரு கட்டளை இருக்கிறது: ‘இந்த டிஸ்க்கை அழித்தால் பாதகமில்லையா?’ எல்லாத் துண்டுக்கும் வேறு இடத்தில் போதிய பிரதிகள் தயாராகிவிட்டால்தான் ‘சரி’ என்ற பதில் வரும். அந்தப் பதில் வராமல் கை வைப்பவன் வேலை தெரிந்தவனல்ல. ஏனென்றால் பாதி செத்த டிஸ்க் என்று ஒரு ரகம் உண்டு. அது சாகாது, ஆனால் இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு வேலைக்கு ஆயிரம் மடங்கு நேரம் எடுத்து மற்றவர்களையும் நிற்க வைக்கும். அதில் உள்ளதே சில துண்டுகளின் நல்ல பிரதியாக இருந்துவிடலாம்.

உருவுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. கொக்கியை விடுவித்து ஓர் அங்குலம் இழுத்து, அரை நிமிஷம் நிறுத்திவிட வேண்டும். உள்ளே தட்டு சுற்றி நிற்க அவகாசம் அது. பிறகு வெளியே எடுத்து, ட்ரேயின் திருகாணிகளைக் கழற்றி, புது டிஸ்க்கை அதில் பொருத்தி, கையில் மின்சாரக் கசிவைத் தரையிறக்கும் பட்டையோடு, நேராகச் செருக வேண்டும். அறுபது, எழுபது டிஸ்க்குகள் கொண்ட பெட்டிகள் மேஜை டிராயர் மாதிரி முன்னால் இழுபட்டு வரும். அதை அதிக நேரம் திறந்துவைத்தால் குளிர்காற்று தப்பி மற்றவை சூடாகிவிடும்.

புது டிஸ்க்குக்குச் செத்ததன் எண்ணையே கொடுப்பது வழக்கம். ஆபீஸில் ஒருவர் ரிடையர் ஆனால் சீட்டை அப்படியே வைத்து அதில் புது ஆளை உட்கார்த்துவார்களே, அந்த முறைதான். சீட்டையே எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டால் எல்லாக் கணக்கும் கலைந்து, தகவல்கள் இரண்டு தடவை இடம் மாற வேண்டிவரும். உட்கார்ந்ததும் தன் பங்கு தகவல்கள் மெல்ல மெல்ல அதற்குத் திரும்பி வந்து சேரும். பழைய எண், புது எண், தேதி, நேரம் எல்லாம் பதிவாகும். ஒரு ராக்கில் கை வைத்திருக்கும்போது இன்னொரு ராக்கில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதும் விதி. இரண்டு பிரதிகளை ஒரே சமயத்தில் இழந்தால் மிஞ்சுவது ஒன்றுதான். அந்தத் துண்டுக்கு மட்டும் செஃப் வேலையையே நிறுத்திவிடும். இன்னொரு பிரதி உண்டாகும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது பிரதி உண்டாகிவிட்ட பிறகு, டிஸ்க்கை இன்றிரவே மாற்றினாலும் ஒன்றுதான், நாளைப் பகலில் மாற்றினாலும் ஒன்றுதான். அவசரம் இயந்திரத்துடையது, அது தன் அவசரத்தைப் பார்த்துக்கொண்டது. அப்படியிருக்க, ஒரு ஷிப்டில் எத்தனை டிஸ்க் மாற்றினாய் என்று எண்ணிக் கேட்பதும், குறைந்தால் காண்டிராக்ட் ஆளின் சம்பளத்தில் கை வைப்பதும் எங்கே நடந்தாலும் அது முட்டாள்தனம் என்பது என் அபிப்பிராயம். வேகமாக நூறு மாற்றுகிறவனைவிட, நம்பரைப் படித்துப் பார்த்து முப்பது மாற்றுகிறவனே கம்பெனிக்கு லாபம்.

ஒரே நாளில் பிறந்தவை

மூன்று பிரதி இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. 2019 நவம்பரில் ஹெச்.பி.ஈ. கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு அனுப்பியது. தட்டில்லாத, மின்சில்லுகளால் ஆன சில ரக டிஸ்க்குகள், ஓடத் தொடங்கி 32,768 மணி நேரம் ஆனதும் செத்துவிடும். உள்ளே இருப்பதை மீட்க முடியாது. உள் மென்பொருளை உடனே மாற்றிக்கொள்ளுங்கள் என்பது செய்தி. அதாவது 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் ஓடவிட்ட டிஸ்க்குகள் ஒரே நாளில் சாகும்! மூன்று பிரதியும் அதே ரகத்தில் இருந்தால்? அடுத்த மார்ச்சில் 40,000 மணி நேரக் கணக்கில் இன்னொரு ரகத்துக்கும் இதே அறிவிப்பு வந்தது. விவரம் தெரிந்தவர்கள் ஒரே தொகுதியில் வந்த டிஸ்க்குகளை ஒரே கிளஸ்டரில் குவிக்காமல் கலந்து போடுவது இதனால்தான்.

சத்தமும் டிஸ்க்கைக் கொல்லும் என்றால் நம்புவீர்களா? 2016 செப்டம்பர் 10-ந் தேதி ருமேனியாவின் தலைநகர் புகாரெஸ்டில், ஐ.என்.ஜி. பாங்க்கின் டேட்டா சென்டரில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. தண்ணீர் ஊற்ற முடியாத இடம் ஆதலால் தீயை அவிக்கும் வாயுவைத் திறந்துவிட்டார்கள். குழாய் முனைகளிலிருந்து வாயு பீறிட்ட ஓசை பெரிதாகிவிட்டது. அந்த அதிர்ச்சியில் டிஸ்க்குகள் வரிசையாகப் பழுதாயின. பத்து மணி நேரம் கார்டும் ஓடவில்லை, ஏ.டி.எம்.மும் ஓடவில்லை.

மும்பைக்காரர்களுக்குப் பழக்கமான எதிரி ஈரப்பதம். சூடுதான் டிஸ்க்கைக் கெடுக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க, ஒன்பது பெரிய டேட்டா சென்டர்களின் குறிப்புகளை வைத்து 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, காற்றின் ஈரமே பெரிய காரணம் என்றது. தட்டைவிட டிஸ்க்கின் மின்சுற்று அட்டைகள்தாம் அதில் அதிகம் கெடுகின்றனவாம். ஆடி மாதத்து மழையில் ஐரோலியில் ஏ.சி. பார்ப்பவர் வெறும் குளிரூட்டுகிறவர் இல்லை என்று இதிலிருந்து தெரியவில்லையா?

மாற்று டிஸ்க் கையிருப்பில் இல்லாவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். 2011-ல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. டிஸ்க் செய்யும் பாக்டரிகள் பல தண்ணீரில் மூழ்கின. உலகம் முழுவதும் விலை ஏறியது. பேக்பிளேஸ் ஊழியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கு இரண்டுக்குமேல் தர மாட்டோம் என்ற சில்லறைக் கடைகளுக்கெல்லாம் அவர்களும் அவர்கள் நண்பர்களும் போய், வீட்டு உபயோகத்துக்கு விற்கும் டிஸ்க்குகளை வாங்கிவந்து, மேலோட்டை உடைத்து உள்ளே இருந்ததை எடுத்து மாட்டினார்கள். மண்ணெண்ணெய் க்யூவில் நின்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

இன்னொரு விஷயத்தில் வாசகர்கள் ஏமாறக் கூடாது. மூன்று பிரதி என்பது டிஸ்க் சாவதிலிருந்துதான் காப்பாற்றும். நீங்களே ‘அழி’ என்று அமுக்கினால் மூன்றும் ஒருசேர அழியும். இயந்திரம் சொன்னதைச் செய்துவிடும். 2017 ஜனவரி 31-ந் தேதி கிட்லாப் என்ற கம்பெனியில் ஒரு பொறியாளர் ஒரு சர்வரை அழிக்க நினைத்து வேறு சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 கிகாபைட் போயிற்று. தனியே எடுத்துவைக்கும் நகல்களும் சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்து வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே அம்மாவின் படம் முக்கியமானால், மேகத்தில் ஒன்று இருக்கட்டும்; ஊரில் தம்பியிடம் ஒன்று இருக்கட்டும்; ஸ்டூடியோவில் கொடுத்துக் காகிதத்தில் ஒன்று போட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

செத்த டிஸ்க்கின் ஈமக்கிரியை

கழற்றிய டிஸ்க்கை என்ன செய்வது? செத்தது என்று நாம் சொல்லும் டிஸ்க்கில் தகவல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மோட்டார் நின்றிருக்கும், அல்லது அட்டை கருகியிருக்கும். தட்டில் எழுதியது அழிந்திருக்காது. தக்க ஆள் கையில் சிக்கினால் படித்துவிடலாம்.

அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி கம்பெனி, தன் பழைய சர்வர்களையும் டிஸ்க்குகளையும் அப்புறப்படுத்தும் வேலையை, அதில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. அவை கைமாறிக் கைமாறி, உள்ளே வாடிக்கையாளர்களின் விவரங்களோடு ஏலத்தில் விலைபோயின. 2020-ல் 6 கோடி டாலர் அபராதம். 2022-ல் இன்னொரு அரசு அமைப்பு விதித்தது 3½ கோடி டாலர். நம் நாட்டிலும் தனிமனிதர் விவரங்களைப் பாதுகாக்க 2023-ல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. குர்லா பழைய சாமான் கடைக்குப் போகிற டிஸ்க் எதுவும் இனி வெறும் இரும்பு இல்லை.

முறையாக நடக்கும் இடங்களில் செத்த டிஸ்க் அந்த அறையை விட்டு முழுசாக வெளியே போவதில்லை. எழுதும்போதே பூட்டி எழுதியிருந்தால் முதலில் சாவியை அழிப்பார்கள். பிறகு பலமான காந்தத்தில் வைத்து எடுப்பார்கள். மின்சில்லு டிஸ்க்குக்குக் காந்தம் பலிக்காது என்பதால் அதை நேரே அரவை இயந்திரத்தில் போட வேண்டும். மாட்டிய நாளில் எழுதிய சீரியல் நம்பரை எடுத்து, பெட்டியில் விழும் டிஸ்க்கின் நம்பரோடு ஒருவர் படிக்க ஒருவர் ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அரைத்த தூளில் அலுமினியம் தனியே பிரிந்து உருக்காலைக்குப் போகிறது. அழித்ததற்கான சான்றிதழ் நம்பர் வாரியாக வந்து, ஆபீஸில் பைலில் சேர்கிறது.